கேபார் நதிக்கரையில் ஒரு காவற்காரர்

எசேக்கியேலுக்குக் கிடைத்த அழைப்பில் வெற்றியைப் பற்றிய வாக்குறுதி ஒன்றுகூட இல்லை. கி.மு. 593ஆம் ஆண்டின் கோடையில், பாபிலோனியாவின் நிப்பூர் நகரை ஒட்டி ஓடிய கேபார் கால்வாயின் கரையில், அவர் ஆண்டவரின் மகிமையைக் கண்டு முகங்குப்புற விழுந்தார். எழுப்பி நிறுத்தப்பட்டவுடன் அவர் அறிந்துகொண்டது, தான் யாரிடம் அனுப்பப்படுகிறாரோ அவர்கள் கேட்கப்போவதில்லை என்பதைத்தான். அவர்கள் வெட்கமற்ற முகமும் இறுகிய இருதயமும் உள்ளவர்கள். அவர்களிடையே வாழ்வது முள்ளுக்குள்ளும் தேள்களோடும் வாழ்வதாக இருக்கும். ஆனாலும் பயப்படாமல் பேச வேண்டும். மொழி புரியாத அந்நிய தேசத்துக்கு அனுப்பியிருந்தால் அந்த ஜனங்களாவது செவிகொடுத்திருப்பார்கள். தாய்மொழியில் பேசப்போகும் சொந்த ஜனம் செவிகொடுக்காது, ஏனென்றால் அவர்களுக்கு ஆண்டவருக்கே செவிகொடுக்க மனமில்லை. இரண்டாம், மூன்றாம் அதிகாரங்களின் சாரம் இவ்வளவே.

அவருக்குத் தரப்பட்ட உறுதி ஒன்றே ஒன்றுதான். கேட்டாலும் கேட்காமல் போனாலும், தங்கள் நடுவில் ஒரு தீர்க்கதரிசி இருந்தார் என்பதை என்றாவது ஒருநாள் அவர்கள் அறிந்துகொள்வார்கள். அந்த நாள் எப்போது என்றுகூடச் சொல்லப்படவில்லை.

பிரசங்க பீடத்தில் நிற்கிற ஒவ்வொருவரும் இந்த இரண்டு அதிகாரங்களையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது மெதுவாக வாசிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் கண்ணீர் விட்டார்கள், எத்தனை பேர் கை உயர்த்தினார்கள் என்று எண்ணிப் பார்த்தே ஒரு செய்தியின் மதிப்பை நாம் நிர்ணயிக்கிறோம். அந்தக் கணக்கில் எசேக்கியேலின் முதல் ஏழு ஆண்டுகளும் பூஜ்யம்.

அவருடைய கேட்போர் யார் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கி.மு. 597ஆம் ஆண்டு மார்ச் மாதம் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்தான். இது வேதாகமம் மட்டும் சொல்லும் செய்தியன்று. பாபிலோனியரின் நாளாகமப் பலகை ஒன்று, அவனுடைய ஏழாம் ஆண்டில், ஆதார் மாதம் இரண்டாம் தேதி யூதாவின் நகரம் பிடிபட்டதையும் அதன் அரசன் சிறைபிடிக்கப்பட்டதையும் பதிவு செய்திருக்கிறது. அந்தப் பலகை 1956இல் பதிப்பிக்கப்பட்டது. அரியணையேறி மூன்று மாதமே ஆகியிருந்த பதினெட்டு வயது யோயாக்கீன் ராஜாவும், அவன் தாயும், பிரபுக்களும், போர்வீரர்களும், தச்சரும் கொல்லரும் கொண்டுபோகப்பட்டார்கள். ஆசாரியக் குடும்பத்தவரான எசேக்கியேலும் அவர்களில் ஒருவர். அவருடைய நூலின் முதல் வசனத்தில் வரும் முப்பதாம் வருஷம் அவருடைய வயதைக் குறிக்கிறது என்று பலர் கருதுகிறார்கள். அது சரியானால், ஆலயப் பணியில் கால்வைக்க வேண்டிய வயதில் அவர் ஆலயமே இல்லாத ஊரில் இருந்தார்.

ஆகவே அவர் முன்னால் உட்கார்ந்தவர்கள் எழுத்தறிவில்லாத கூட்டமல்லர். யூதாவின் மேல்தட்டு அங்கேதான் இருந்தது. ஆலய வழிபாடும் சங்கீதமும் நியாயப்பிரமாணமும் அவர்களுக்குப் பழக்கமானவை. அவர்கள் செவிகொடுக்காமல் போனதற்கு அறியாமை காரணமல்ல. முரட்டுத்தனம் மட்டும் என்று சொன்னாலும் பாதிதான் சரியாகும். அவர்களுடைய மறுப்புக்கு ஆதாரமாக ஒரு உண்மையான நினைவு இருந்தது. அதைப் புரிந்துகொள்ளாமல் அவர்களைக் குற்றஞ்சாட்டுவது எளிது.

கி.மு. 701இல் அசீரிய அரசன் சனகெரிப் யூதாவின் மேல் படையெடுத்து வந்தான். அரணான பட்டணங்கள் 46ஐப் பிடித்ததாகத் தன் கல்வெட்டில் பெருமை பேசிக்கொண்டான். எசேக்கியா ராஜாவை எருசலேமுக்குள் கூண்டுப் பறவைபோல் அடைத்துவைத்ததாகவும் எழுதிவைத்தான். நகரத்தைப் பிடித்ததாக மட்டும் அவனால் எழுத முடியவில்லை. நகரம் விழாது என்று ஏசாயா தீர்க்கதரிசி சொன்னார். அது விழவில்லை. ஒரு நூற்றாண்டு கடந்தபோது அந்த மீட்பின் நினைவு ஒரு கோட்பாடாக இறுகிப்போயிருந்தது: ஆண்டவருடைய வீடு இருக்கும்வரை எருசலேமுக்கு ஒன்றும் ஆகாது. எரேமியா ஆலய வாசலில் நின்று இந்த நம்பிக்கையைக் கண்டித்தபோது, ஆசாரியர்களும் தீர்க்கதரிசிகளும் அவரைப் பிடித்துக் கொல்ல வேண்டும் என்றார்கள். பழைய பிரசங்கம் ஒன்று மெய்யாகிப்போனதே புதிய பிரசங்கத்துக்குச் செவி அடைபடக் காரணமாகிவிட்டது. ஏசாயாவின் வார்த்தையை அவர்கள் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். அதை ஏசாயா எந்த மனந்திரும்புதலோடு சேர்த்துச் சொன்னார் என்பதை விட்டுவிட்டார்கள்.

சிறையிருப்பிலும் அவர்களுடைய நம்பிக்கைக்குச் சான்று இருப்பதுபோலத் தோன்றியது. யோயாக்கீன் உயிரோடிருந்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியர்கள் பாபிலோனில் அகழ்ந்தெடுத்த களிமண் பலகைகளில், யூதாவின் அரசன் என்ற பட்டத்தோடேயே அவனுக்கும் அவனுடைய ஐந்து மகன்களுக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு இருக்கிறது. அரசன் இருக்கிறான், ஆலயம் இருக்கிறது, எருசலேமில் அவனுடைய சிற்றப்பன் சிதேக்கியா ஆட்சிசெய்கிறான். திரும்பிப் போக எவ்வளவு காலம் ஆகிவிடும்? ஏறத்தாழ எசேக்கியேல் அழைக்கப்பட்ட அதே காலத்தில், எருசலேமில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டு வருஷத்துக்குள் எல்லோரும் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்தில் எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தான். எரேமியாவோ வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளை பெறுங்கள், இது நெடுங்காலம் என்று சிறையிருப்பவர்களுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தை எழுதியவரைத் தண்டிக்காமல் விட்டது ஏன் என்று கேட்டு பாபிலோனிலிருந்து எருசலேமுக்குப் பதில் கடிதம் போனது.

இப்படிப்பட்டவர்களிடம்தான் எசேக்கியேல் அனுப்பப்பட்டார். அவர் கையில் தரப்பட்ட சுருளின் இரு பக்கமும் புலம்பலும் தவிப்பும் ஐயோ என்பதும் எழுதப்பட்டிருந்தன. அதைச் சாப்பிடும்படி கட்டளை. வாயில் அது தேனாக இருந்தது என்று அவரே சொல்கிறார். ஆனால் கேபார் கரையிலிருந்து தெலாபீபுக்குப் போனபோது ஆவியில் கசப்போடும் உக்கிரத்தோடும் போனதாகவும் சொல்கிறார். அங்கே போய் அவர் உடனே பேசத் தொடங்கவில்லை. அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் தானும் ஏழு நாள் பிரமித்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

இந்த ஏழு நாளைப் பலர் வாசித்துக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இது நூலின் திறவுகோல்களில் ஒன்றாகத் தெரிகிறது. கேட்க மாட்டார்கள் என்று ஆண்டவரே முன்கூட்டிச் சொல்லிவிட்ட பிறகு, ஒரு மனிதர் தன் பொறுப்பை எவ்வளவோ சுலபமாக முடித்துவிடலாம். ஊர் நடுவில் நின்று, எழுதியிருந்ததை உரத்து வாசித்துவிட்டு, என் கை சுத்தம் என்று போய்விடலாம். எசேக்கியேல் அப்படிச் செய்யவில்லை. அந்த ஜனங்கள் இழந்ததையெல்லாம் அவரும் இழந்திருந்தார். அந்த இழப்பின் நடுவில் அவர்களோடு மௌனமாக இருந்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். கேட்போரின் துயரத்தில் பங்கெடுக்காதவர்கள் கண்டிக்கும்போது அதை ஜனங்கள் புறக்கணித்தால், அதற்கான பழி முழுவதையும் ஜனங்களின் மேல் போட முடியாது.

ஏழாம் நாள் முடிவில் அவருக்குப் பொறுப்பு விளக்கப்பட்டது: அவர் காவற்காரர். மதிலின்மேல் நிற்பவருக்குக் கண்ணும் எக்காளமும் வேண்டும். பட்டயம் வருவதைக் கண்டு அவர் எக்காளம் ஊதியும் ஊரார் எழாமல் போனால் இரத்தப்பழி ஊராருடையது. கண்டும் ஊதாமல் இருந்தால், செத்தவன் தன் அக்கிரமத்தில் செத்தாலும் அவனுடைய இரத்தம் காவற்காரரிடம் கேட்கப்படும்.

அந்தக் காலத்து யூதாவில் இது நாள்தோறும் பார்த்த காட்சி. லாகீஸ் கோட்டையின் இடிபாடுகளில் 1935இல் கண்டெடுக்கப்பட்ட பானை ஓடுகளில் மையால் எழுதிய இராணுவக் கடிதங்கள் இருந்தன. யூதாவின் கடைசி நாட்களைச் சேர்ந்தவை. புறக்காவல் நிலையம் ஒன்றிலிருந்து எழுதியவர், லாகீசின் தீ அடையாளங்களைத் தாங்கள் கவனித்துக்கொண்டிருப்பதாகவும், அசெக்காவின் அடையாளத்தைக் காண முடியவில்லை என்றும் தன் தலைவருக்குத் தெரிவிக்கிறார். கடைசியாக மிஞ்சிய அரணான பட்டணங்களென்று எரேமியா குறிப்பிடும் இரண்டும் இவைதான். ஒரு மேட்டில் தீ தெரியாமல் போனால் அதன் பொருள் என்னவென்று அந்தப் படைவீரர்களுக்குத் தெரியும். காவற்காரர் என்ற சொல்லை எசேக்கியேலின் கேட்போர் அலங்காரமாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்தப் பொறுப்பின் எல்லை கவனமாக வரையப்பட்டிருக்கிறது. கேட்பவனின் விடுதலைக்குக் காவற்காரர் உத்தரவாதி அல்லர். இது பெரிய இரக்கம். தன் சொல்லால்தான் இன்னொருவன் உயிர் பிழைக்க வேண்டும் என்று முழுப்பாரத்தையும் சுமப்பவர்கள் இரண்டில் ஒரு வழியாக உடைந்துபோகிறார்கள்: ஒன்று, நம்பிக்கை இழந்து மௌனமாகிறார்கள், அல்லது, எப்படியாவது கேட்க வைத்துவிட வேண்டும் என்று செய்தியை மாற்றத் தொடங்குகிறார்கள். பதின்மூன்றாம் அதிகாரத்தில் எசேக்கியேல் சாடுவது இரண்டாவது கூட்டத்தைத்தான். ஜனங்கள் ஆட்டங்காணும் மண்சுவர் ஒன்றை எழுப்புகிறார்கள், தீர்க்கதரிசிகள் அதன்மேல் சாரமில்லாத சாந்தைப் பூசிக்கொடுக்கிறார்கள். மழை பெய்தால் சுவரும் விழும், பூசியவர்களும் அடியில் மாட்டிக்கொள்வார்கள். சமாதானம் இல்லாத இடத்தில் சமாதானம் என்று சொன்னவர்கள் யாரும் தங்களைப் பொய்யர் என்று நினைத்திருக்க மாட்டார்கள். துயரத்தில் இருந்த ஜனங்களுக்கு ஆறுதல் சொன்னதாகவே நினைத்திருப்பார்கள்.

எல்லை வரையப்பட்டிருக்கிறதே என்று எசேக்கியேல் குறைவாக உழைக்கவில்லை. கேட்க மறுத்தவர்களுக்காக அவர் செய்தவற்றைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. ஒரு செங்கல்லில் எருசலேமை வரைந்து அதற்கு முற்றுகை போட்டார். ஓர் இரும்புச்சட்டியை நடுவில் மதிலாக நிறுத்தினார். இடதுபக்கமாக 390 நாளும் வலதுபக்கமாக 40 நாளும் படுத்தார். நாளுக்கு இருபது சேக்கல் எடை அப்பம், அதாவது கால் கிலோவுக்கும் குறைவு; தண்ணீர் ஹின் அளவில் ஆறில் ஒரு பங்கு, அரை லிட்டருக்குச் சற்று மேல். அப்பத்தைச் சுட மனிதக் கழிவை எரிக்கும்படி சொன்னபோது மட்டும் ஆசாரியரான அவர் தாங்க முடியாமல் முறையிட்டார். அதற்குப் பதிலாக மாட்டுச்சாணி வறட்டி அனுமதிக்கப்பட்டது. இன்னொரு முறை தலையையும் தாடியையும் சிரைத்து, மயிரைத் தராசில் நிறுத்து மூன்று பங்காக்கினார். பகலில் சிறைப்பட்டுப் போகிறவனைப்போல மூட்டை கட்டி வெளியே வைத்து, மாலையில் சுவரைத் துளைத்து, முகத்தை மூடிக்கொண்டு தோளில் சுமையோடு இருட்டில் வெளியேறினார்.

சொல்லுக்குச் செவி மூடியவர்களுக்குக் கண்ணால் காணக் கொடுத்தார் என்றுதான் இதைப் புரிந்துகொள்ள முடிகிறது. மறுப்பவர்களிடம் விசுவாசமாக இருப்பது என்றால் ஒரே வாக்கியத்தை ஒரே குரலில் திரும்பத் திரும்பச் சொல்வதாகாது. உவமை, நாடகம், புலம்பல், புதிர், வழக்குரை என்று அவர் தன்னிடமிருந்த எல்லாவற்றையும் பயன்படுத்தினார். செய்தியின் உள்ளடக்கத்தை மட்டும் அவர் தொடவேயில்லை.

பலன்? எட்டாம், பதினான்காம், இருபதாம் அதிகாரங்களில் மூப்பர்கள் அவர் வீட்டுக்கு வந்து முன்னால் உட்காருகிறார்கள். மரியாதை இருந்தது. ஆனால் ஊரில் வேறு பேச்சு நடந்தது. நாட்கள் போய்க்கொண்டே இருக்கின்றன, எந்தத் தரிசனமும் பலிக்கவில்லை என்று ஒரு பழமொழி உலாவியது. இந்த மனிதர் உவமைகளாகவே பேசுகிறார் என்றார்கள் சிலர். அவர் சொல்வது உண்மைதான், ஆனால் அது வெகுதூரத்துக் காலத்தைப் பற்றியது என்றார்கள் வேறு சிலர். இந்த மூன்றாவது பதிலைத்தான் நான் எல்லாவற்றிலும் ஆபத்தானதாக நினைக்கிறேன். மறுப்பவனோடு வாதாட முடியும். ஒப்புக்கொண்டு தள்ளிப்போடுகிறவனிடம் வாதாட எதுவும் மிஞ்சுவதில்லை.

இருபத்துநான்காம் அதிகாரத்தை இலேசாக வாசிக்க என்னால் முடிவதில்லை. சிறையிருப்பின் ஒன்பதாம் வருஷம், பத்தாம் மாதம், பத்தாம் தேதி. அன்றைக்கு பாபிலோன் ராஜா எருசலேமை வளைத்தான் என்றும், தேதியைக் குறித்துவைக்கும்படியும் எசேக்கியேலுக்குச் சொல்லப்பட்டது. பிறகு, அவர் கண்களுக்கு இன்பமான மனைவி ஒரே அடியில் எடுக்கப்படுவாள் என்றும், அவர் புலம்பவோ அழவோ கூடாது என்றும் சொல்லப்பட்டது. தலைப்பாகையைக் கட்டிக்கொள்ள வேண்டும், பாதரட்சையைப் போட்டுக்கொள்ள வேண்டும், துக்கவீட்டு உணவைத் தொடக்கூடாது. காலையில் அவர் ஜனங்களோடு பேசினார். மாலையில் மனைவி இறந்தாள். மறுநாள் காலை கட்டளையிட்டபடி செய்தார்.

இதற்கு விளக்கம் எழுதியவர்கள் பலர். அந்த மரணத்தை நியாயப்படுத்தும் எந்த விளக்கமும் எனக்குத் திருப்தி தரவில்லை. நூலும் அதை நியாயப்படுத்த முயலவில்லை. கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஜனங்கள் அன்றைக்கு வந்து, நீர் இப்படிச் செய்வதன் பொருள் எங்களுக்கு என்ன என்று கேட்டார்கள். பல ஆண்டுப் பேச்சு எழுப்பாத கேள்வியை அழாத ஒரு கணவரின் முகம் எழுப்பியது. ஆலயம் எரியும்போது நீங்களும் இப்படித்தான் இருப்பீர்கள், அழக்கூட முடியாமல் உள்ளுக்குள் உருகுவீர்கள் என்பது அவர் அளித்த பதிலின் கருத்து. பிரசங்கிக்கிறவரின் வாழ்க்கை அவருடைய செய்தியோடு எவ்வளவு தூரம் கலந்துவிடும் என்பதற்கு வேதாகமத்தில் இதைவிடக் கொடிய சாட்சியம் அதிகமில்லை.

எருசலேம் விழுந்தது. கி.மு. 587 என்பாரும் 586 என்பாரும் உண்டு. ஆலயம் எரிந்தது. தப்பி வந்த ஒருவன் கேபார் கரைக்கு வந்து நகரம் அழிந்தது என்று சொன்னபோது, சிறையிருப்பின் பன்னிரண்டாம் வருஷம், பத்தாம் மாதம், ஐந்தாம் தேதி. எசேக்கியேல் சொன்ன ஒவ்வொன்றும் நடந்துவிட்டது.

இந்த இடத்தில் நூலில் ஒரு வார்த்தை இல்லாமல் இருக்கிறது. நான் சொன்னேனே என்ற வார்த்தை. அதைச் சொல்லும் உரிமை அவரைப்போல வேறு யாருக்கும் இருந்ததில்லை. செய்தி வந்ததற்கு முந்திய மாலையிலேயே அவருடைய வாய் திறக்கப்பட்டது. அடுத்து வரும் அதிகாரங்களில் அவர் பேசியது மேய்ப்பரைப் பற்றி, புதிய இருதயத்தைப் பற்றி, பள்ளத்தாக்கில் கிடந்த உலர்ந்த எலும்புகள் உயிர்பெறுவதைப் பற்றி. எங்கள் எலும்புகள் உலர்ந்துபோயின, நம்பிக்கை அற்றுப்போயிற்று என்று சொன்ன அதே ஜனங்களுக்கு அவர் நம்பிக்கையைக் கொண்டுபோனார். அழிவைப் பற்றிச் சொன்ன காலத்திலும் அழிவை அவர் விரும்பியதில்லை. ஒன்பதாம், பதினோராம் அதிகாரங்களில் தரிசனத்துக்குள்ளேயே முகங்குப்புற விழுந்து, ஐயோ ஆண்டவரே, மீதியானவர்களையும் முற்றாக அழித்துவிடுவீரோ என்று கதறியவர் அவர்தான்.

யோனாவை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எசேக்கியேலிடம் சொல்லப்பட்டபடியே, அந்நிய தேசத்தார் செவிகொடுத்த கதை அது. நினிவே முழுவதும், ராஜா முதல் மிருகங்கள் வரை, இரட்டு உடுத்தி உபவாசித்தது. பிரசங்க வரலாற்றில் அப்படி ஒரு பலன் வேறு எங்கும் சொல்லப்படவில்லை. பிரசங்கித்தவரோ கோபித்துக்கொண்டு, சாவதே நலம் என்று நகரத்துக்கு வெளியே போய் உட்கார்ந்தார். முழு நகரமும் கேட்டது, பேசியவருக்கு அவர்கள்மேல் அன்பில்லை. மறுபக்கத்தில் யாரும் கேட்கவில்லை, பேசியவர் அவர்களுக்காகக் கதறினார். கேட்டவர்களின் தொகையை வைத்து ஒருவரின் உண்மையை அளக்க முடியாது என்பதற்கு இந்த இருவரும் போதும். கேட்கவில்லை என்பதாலும் ஒருவர் உண்மையுள்ளவர் ஆகிவிடுவதில்லை. நம் நடுவில் சிலர் எதிர்ப்பையே பதக்கமாக அணிந்துகொள்கிறார்கள். ஜனங்கள் விலகிப்போகப் போக, தாங்கள் சத்தியத்தைப் பேசுகிறோம் என்ற நிச்சயம் அவர்களுக்கு ஏறுகிறது. சபையார் விலகியதற்குக் காரணம் செய்தியின் கூர்மையா, பேசியவரின் கடுமையா என்று அவர்கள் ஒருநாளும் கேட்டுக்கொள்வதில்லை. எசேக்கியேலின் நெற்றி வச்சிரக்கல்லைப்போல ஆக்கப்பட்டது உண்மைதான். அவருடைய இருதயம் அப்படி ஆக்கப்பட்டதாக எங்கும் எழுதப்படவில்லை.

நகரம் விழுந்த செய்திக்குப் பிறகு நிலைமை மாறியது. முப்பத்துமூன்றாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி அதைச் சொல்கிறது. இப்போது எல்லோரும் அவரைப் பற்றியே பேசினார்கள். சுவரோரத்திலும் வீட்டு வாசல்களிலும் நின்று, வாருங்கள், ஆண்டவரிடமிருந்து என்ன வார்த்தை வந்திருக்கிறது என்று கேட்போம் என ஒருவரையொருவர் அழைத்தார்கள். கூட்டமாக வந்தார்கள், ஒழுங்காக உட்கார்ந்தார்கள், கடைசிவரை கேட்டார்கள். இனிய குரலில் வாத்தியத்தோடு பாடப்படும் காதல் பாட்டைக் கேட்பதுபோலக் கேட்டார்கள் என்று அந்தப் பகுதி வருத்தத்தோடு சொல்கிறது. வாயில் அன்பு இருந்தது, இருதயம் ஆதாயத்தின் பின்னால் போனது. கேட்டதை அவர்கள் செய்யவில்லை.

ஆதாயம் என்றால் என்னவென்று ஓரளவு நம்மால் பார்க்க முடிகிறது. பாபிலோனியாவில் யூதர்கள் குடியேறிய ஊர் ஒன்றுக்கு யூதாவூர் என்றே பெயர் விழுந்திருந்தது. அந்த வட்டாரத்தைச் சேர்ந்த களிமண் ஆவணங்களில் பெரும் பகுதி 2014இல் பதிப்பாக வெளிவந்தது. அவற்றுள் பழையது கி.மு. 572ஐச் சேர்ந்தது, அப்போது எசேக்கியேல் பேசிக்கொண்டிருந்தார். நிலக் குத்தகை, வாற்கோதுமை, பேரீச்சை, கடன், வரி என்று அந்த ஆவணங்கள் நிறைந்திருக்கின்றன. கொடியவர்களின் ஆவணங்கள் என்று அவற்றைச் சொல்ல முடியாது. பிழைக்க வந்த இடத்தில் காலூன்றி, பிள்ளைகளை வளர்த்து, நாலு காசு சேர்த்தவர்களின் கணக்கு அது. வீடு கட்டுங்கள் என்று எரேமியாவும் சொல்லித்தான் இருந்தார். வேலை முடிந்த மாலையில் தீர்க்கதரிசியின் வாசலுக்கு வந்து நல்ல சொல் கேட்டு மனம் நெகிழ்ந்து, மறுநாள் காலை அதே கணக்கோடு எழுந்தார்கள். அந்த நெகிழ்ச்சியையே அவர்கள் கீழ்ப்படிதல் என்று எண்ணிவிட்டார்கள்.

எரேமியாவுக்கு நேர்ந்த மறுப்பு வேறு வகை. யோயாக்கீனின் தகப்பன் யோயாக்கீம் ராஜா குளிர்காலத்து அரண்மனையில் கணப்புச்சட்டியின் முன் உட்கார்ந்து, வாசிக்கப்பட்ட எரேமியாவின் சுருளைக் கத்தியால் அறுத்து அறுத்து நெருப்பில் போட்டான். எரேமியா மறுபடி சொல்ல, அவருடைய எழுத்தர் பாரூக் மறுபடி எழுதினார். முன்பில்லாத வார்த்தைகளும் சேர்ந்தன. அந்த மறுப்பில் குழப்பமில்லை. எரித்தவனுக்குத் தான் எரிப்பது தெரியும். எசேக்கியேலின் சபையாருக்குத் தாங்கள் மறுப்பது தெரியாது. அவருக்கும்கூட அது எளிதில் தெரிந்திருக்காது. அவர்கள் கேட்டும் செய்யாதவர்கள் என்பதை ஆண்டவரே அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இத்தனை ஆண்டு வெறிச்சோடியிருந்த முற்றம் நிறைந்திருக்கும்போது எந்த மனிதருக்கும் மனம் இளகும்.

தமிழ்ச் சபைகளில் ஆராதனை முடிந்ததும் வாசலில் ஆயரின் கையைக் குலுக்கி, செய்தி ஆசீர்வாதமாக இருந்தது ஐயா என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அன்போடு சொல்வதுதான். கன்வென்ஷன் கூட்டங்களுக்குப் போய்வந்தவர்கள் பேசியவரின் குரல்வளத்தையும் வசனங்களை அடுக்கிய வேகத்தையும் நாட்கணக்கில் வியக்கிறார்கள். சாதி பார்த்துப் பெண் கொடுக்கிற வீட்டில், வட்டிக்கு விட்டு ஏழையை நெருக்குகிற வீட்டில், மருமகளின் நகையை எடை பார்க்கிற வீட்டில் அந்த வியப்பு என்ன செய்தது என்று யாரும் கேட்பதில்லை. எசேக்கியேலின் பதினெட்டாம் அதிகாரம் வட்டியையும் அடகையும் பசித்தவனுக்கு அப்பத்தையும் பேர்சொல்லியே பேசுகிறது. அந்த அதிகாரத்தில் பிரசங்கிக்கிறவர்களை அடுத்த ஆண்டும் அழைக்கிறோமா என்று சபைக் கமிட்டிகள் தங்களைக் கேட்டுக்கொள்ளட்டும்.

பிரசங்கிகளுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. புறக்கணிப்பைத் தாங்கிக்கொள்ளப் பயிற்சி எடுத்தவர்கள் உண்டு. பாராட்டைத் தாங்கிக்கொள்ளப் பயிற்சி எடுத்தவர்கள் மிகக் குறைவு. கூட்டம் ஒரு குறிப்பிட்ட வாக்கியத்துக்கு உருகுகிறது என்று தெரிந்துவிட்டால், அடுத்த வாரமும் அந்த வாக்கியத்தைத் தேடி நாக்கு போகும். எசேக்கியேலுக்கு அது தெரிந்திருந்தது என்பதற்கு அவருடைய பிற்காலப் பேச்சுகளே சாட்சி. மேய்ப்பரைப் பற்றிய ஆறுதலான அதிகாரத்தில்கூட, மந்தைக்குள்ளேயே கொழுத்த ஆடுகள் மெலிந்த ஆடுகளை விலாவால் இடித்துத் தள்ளுவதையும், குடித்து மீந்த தண்ணீரைக் காலால் கலக்குவதையும் கண்டித்துவிட்டுத்தான் அடுத்த வார்த்தைக்குப் போகிறார். கேட்டவர்களில் கொழுத்த ஆடுகள் முன்வரிசையில் இருந்திருப்பார்கள்.

அவருடைய நூலில் தேதியிட்ட வாக்குகளில் கடைசியானது சிறையிருப்பின் இருபத்தேழாம் வருஷத்தது, கி.மு. 571. அது எகிப்தைப் பற்றியது, ஆனால் தீருவிலிருந்து தொடங்குகிறது. அந்தத் துறைமுக நகரத்தை நேபுகாத்நேச்சார் கொள்ளையிடுவான் என்று பல ஆண்டுகளுக்கு முன் எசேக்கியேல் சொல்லியிருந்தார். முற்றுகை 13 ஆண்டு நீடித்தது என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். படைவீரர்களின் தலைகள் மொட்டையாகி, தோள்கள் தோலுரிந்துபோயும் தீருவில் அவர்களுக்குக் கூலி கிடைக்கவில்லை என்று எசேக்கியேலே இப்போது ஒளிக்காமல் சொல்கிறார். எதிர்பார்த்தபடி நடக்காததையும் அதே வாயால் சொல்லி, பழையதை அழிக்காமல் விட்டுவைத்தார். தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள விரும்புகிறவர்கள் இப்படி எழுதுவதில்லை.

அழைப்பு வந்து 22 ஆண்டு ஆகியிருந்தது. பெரும்பாலும் ஐம்பதைக் கடந்திருப்பார். மனைவி இல்லை, ஆலயம் இல்லை, ஊர் இல்லை. ஜனங்கள் திரும்பிப் போனதை அவர் பார்த்ததாக எந்தக் குறிப்பும் இல்லை; பாரசீகன் கோரேசு பாபிலோனைப் பிடித்தது கி.மு. 539இல். ஆனால் அவர் பேசியவை, அவற்றில் பல தேதியோடும், காப்பாற்றப்பட்டிருக்கின்றன. காப்பாற்றியவர்கள் அந்நியரல்லர். அவருக்குச் செவிகொடுக்காத அதே ஜனமும் அவர்களுடைய பிள்ளைகளும்தான். தங்களை முள்ளென்றும் தேளென்றும் சொன்ன நூலை அவர்கள் பரிசுத்த எழுத்தாக ஏற்று, பிரதி எடுத்து, தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தார்கள். தங்கள் நடுவில் ஒரு தீர்க்கதரிசி இருந்தார் என்பதை அவர்கள் அறிந்துகொண்டார்கள்.

சின்னச் சபைகளில், கேட்க ஆளில்லாத கிராம ஆலயங்களில், வாரந்தோறும் உண்மையாக ஆயத்தம் செய்து பேசுகிற ஆயர்களும் உபதேசியார்களும் நம் நாட்டில் இருக்கிறார்கள். இந்த வாரமும் பேசுங்கள். உங்கள் சபையில் ஒருவராவது, இந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டதில் ஒன்றையாவது, திங்கட்கிழமை செய்யட்டும்.